சாவி வைத்திருக்கும் திருடனுக்கு எந்தப் பூட்டு? வெளிநாட்டு ஆசிரியர் குடியிருப்புக்கான பொருட்கள், ஒரு விமர்சனம்

கடையில் விற்கும் பூட்டும் பெட்டகமும் பெரும்பாலும் ஜன்னல் ஏறி வரும் திருடனை மனதில் வைத்துச் செய்தவை. அவனுக்கு அவசரம் உண்டு, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் உண்டு. வெளிநாட்டில் பள்ளி கொடுத்த வீட்டில் இரண்டு மூன்று ஆசிரியர்களோடு தங்கியிருப்பவர் சந்திக்கிற திருட்டு அந்த ரகம் இல்லை. பணத்தை எடுப்பவரிடமும் வாசல் சாவி இருக்கிறது. உங்களுக்கு எந்த நாளில் எத்தனை மணிவரை வகுப்பு என்பது ஆசிரியர் அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. சம்பள நாள் எல்லோருக்கும் ஒன்றுதான். உறை நிறையப் பணம் இருந்தால் இரண்டு தாளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிடுவார். நாமேதான் எங்கேயோ செலவழித்துவிட்டோம் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் இங்கே பொருட்களை எடைபோட எடுத்துக்கொண்ட அளவுகோலும் வேறு. உடைக்க எவ்வளவு நேரமாகும் என்பதைவிட, திறந்தால் வெளியே தெரியுமா என்பதே முதல் கேள்வி. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்காமல் பொருத்த முடியுமா என்பது அடுத்தது. நாளைக்குப் போலீஸிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ பேச நேர்ந்தால் அந்தப் பொருள் உங்கள் பக்கம் சாட்சி சொல்லுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் தேறியவை விலை குறைந்த சாமான்கள்தான். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படுபவை பலவும் தேறவில்லை.

ஜிப் வைத்த சூட்கேஸ்

வெளிநாடு போகிறவர் கையில் முதலில் இருப்பது இதுதான். பணம், பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றையும் இதில் போட்டுப் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஜிப் பற்களின் நடுவே ஒரு பால்பாயின்ட் பேனாவை அழுத்திக் குத்தினால் பற்கள் விலகிப் பிளந்துகொள்ளும். கையை விட்டு வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டோடு சேர்ந்திருக்கும் இரண்டு ஜிப் தலைகளையும் ஒருமுறை சுற்றி இழுத்தால் பற்கள் மறுபடி கோத்துக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும், பெட்டியில் கீறல்கூட இருக்காது. நம் தேவைக்கு இதைவிட மோசமான பெட்டி கிடையாது.

அதே சூட்கேஸில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஜிப் தலைகள் பெட்டியின் உடலிலேயே பதித்த பூட்டுக்குள் சொருகி நிற்கிற ரகமாக இருந்தால், பிளக்க முடியும், திரும்ப மூட முடியாது. தலைகள் நகர்ந்தால்தானே பற்கள் கோக்கும்? தனிப் பூட்டு மாட்டுகிற ரகமாக இருந்தால் பூட்டின் வளையத்தை ஜிப் தலைகளோடு பக்கத்துக் கைப்பிடி வளையத்துக்குள்ளும் கோத்துவிடுங்கள். அதே பலன் கிடைக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஜிப்பே இல்லாமல், இரண்டு கெட்டி ஓடுகளும் உலோகச் சட்டமும் கொக்கித் தாழும் வைத்த பெட்டி வாங்குவது உத்தமம். எடை கூடும், விலையும் கூடும்.

சூட்கேஸோடு வரும் டிஎஸ்ஏ பூட்டுக்கு இங்கே வேலையே இல்லை. அமெரிக்க விமான நிலைய ஊழியர்கள் உடைக்காமல் திறக்கட்டும் என்று பொதுச் சாவியோடு வடிவமைத்தது அது. அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014-ல் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரை ஒன்றோடு வெளியானது. 2015-ல் அவற்றை முப்பரிமாண அச்சில் வார்த்தெடுக்கும் கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன. பூட்டின் முகத்தில் சிறிய சிவப்பு வைரக் குறியோ, சாவித் துளைக்குப் பக்கத்தில் டிஎஸ்ஏ 002, 007 போன்ற எண்ணோ இருந்தால் அது விமானத்துக்கு மட்டும்.

நம்பர் பூட்டு

மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை 1000 வாய்ப்புகள். ஒன்றுக்கு 2 விநாடி என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். அதாவது நீங்கள் ஒரு வகுப்பு எடுத்து முடிப்பதற்குள். நான்கு சக்கரம் என்றால் 10,000 வாய்ப்புகள், இதே கணக்கில் ஐந்தரை மணி நேரம். நடைமுறையில் யாரும் வரிசையாக எண்ணிக்கொண்டு உட்காருவதில்லை. பூட்டியதும் ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு படி தள்ளிவிடும் சோம்பல் எல்லோரிடமும் இருக்கிறது, கூட இருப்பவர் அதைப் பார்த்துவிடுகிறார். அதைவிடப் பெரிய ஓட்டை மலிவு பூட்டின் உள்ளேயே இருக்கிறது. வளையத்தை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினால், சரியான எண் வரும் இடத்தில் சக்கரம் ஒரு நொடி பிடிக்கும், அல்லது மெல்ல விட்டுக்கொடுக்கும். பழகிய விரலுக்கு ஓரிரு நிமிட வேலை.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பூட்டை மூடி, வளையத்தை இழுத்தபடி சக்கரங்களைச் சுழற்றுங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட இறுக்கமாகப் பட்டால், அல்லது இடுக்கு வழியாக உள்ளே வெட்டுப்பள்ளம் தெரிந்தால், அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லா எண்ணிலும் போலியாக ஒரு பிடிப்பு வருகிற மாதிரி பள்ளங்கள் வெட்டிய பூட்டுதான் வாங்கத்தக்கது. வளையம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சாதாரண வெட்டுக் குறடே போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாவிப் பூட்டை ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், பகிர்ந்து வாழும் வீட்டில் சாவி எங்கேயாவது கிடக்கும். குளிக்கப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டா போவீர்கள்? நான்கு ஐந்தாகக் கட்டி விற்கும் பூட்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி இருப்பதும் உண்டு. பள்ளி மொத்தமாக வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்த பூட்டு என்றால், பக்கத்து மேஜைக்காரரின் சாவியை அவர் எதிரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நான்கு சக்கரப் பூட்டை வாங்கியபின் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று. பூட்டியதும் சக்கரங்களைக் கண்டபடி உருட்டிவிடாமல், நீங்கள் மட்டும் அறிந்த ஓர் எண்ணில் நிறுத்திவிட்டுப் போங்கள், 7294 என்பது மாதிரி. திறக்கும் எண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. திரும்பி வந்து பார்க்கும்போது 7295 நின்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை இந்த எண்ணை மாற்றுங்கள், கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜை இழுப்பறையும் ஆசிரியர் அறை லாக்கரும்

ஆசிரியர் அறை மேஜைகளில் பூட்டு இருக்கும், பாதுகாப்பு இருக்காது. பூட்டின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். மூன்று நான்கு இலக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அது சாவியின் எண். அந்த எண்ணைச் சொன்னால் மாற்றுச் சாவி வாங்கிவிடலாம், பூட்டைக் கழற்றக்கூட வேண்டாம். ஒரே தொகுதியில் வந்த மேஜைகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதும் சகஜம். அடுக்கு இழுப்பறைகளில் கீழே உள்ளதுக்கு மட்டும் பூட்டு இருந்தால், மேலே உள்ளதை முழுதாக உருவி வெளியே வைத்துவிட்டு மேலிருந்து கையை விட்டு எடுக்கலாம். நடுவில் தகடு அடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் அடித்திருக்காது.

சரிசெய்வது சுலபம். இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் துளையில் உட்காருபவை. உட்பக்கம் நாக்கு மாதிரி ஒரு தகடு, அதைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணி, அதற்குப் பின்னால் ஒரு பெரிய நட்டு, அவ்வளவுதான். பழையதைக் கழற்றி அதன் உடல் நீளத்தை அளந்துகொண்டு போய் அதே நீளத்தில் வாங்குங்கள். 16, 20, 25, 30 மில்லிமீட்டரில் கிடைக்கும். நீளம் தவறினால் நாக்கு சட்டத்தில் போய்த் தட்டும், அல்லது சட்டத்தைத் தொடவே தொடாது. பழைய பூட்டைக் கழற்றிய நாக்கோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு மாற்றுவது அவசியம். மேஜை பள்ளிக்குச் சொந்தம், சொல்லாமல் மாற்றினால் குற்றம் சாட்டப்படுபவர் நீங்களாகிவிடுவீர்கள்.

லாக்கருக்கு நாதாங்கி வைத்துப் பூட்டுவதாக இருந்தால், மூடிய நிலையில் திருகாணிகள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தெரிந்தால் பூட்டைத் தொடாமல் நாதாங்கியையே கழற்றிவிடுவார்கள். மடங்கிய தகடு திருகாணிகளை மறைக்கிற மாதிரிதான் வாங்க வேண்டும்.

கையடக்கப் பெட்டகங்கள்

மூன்று ரகம் விற்கிறது. எஃகு வலை பின்னிய துணிப் பை, எஃகுக் கயிறு கட்டிய சின்ன இரும்புப் பெட்டி, எண் பலகை வைத்த அலமாரிப் பெட்டகம்.

வலைப் பையில் பேக்சேஃப் நிறுவனத்தின் 5 லிட்டர் பை பயணிகளிடையே பிரபலம். சுருட்டி வைக்கலாம், எடை குறைவு, கத்தியால் கிழித்தாலும் வலை தாங்கும். ஆனால் இதன் பலமும் பலவீனமும் வாய்ப்பகுதிதான். கயிற்றை முழுக்க இறுக்கி இழுத்துப் பூட்டாவிட்டால் இரண்டு விரல் நுழையும் இடைவெளி நிற்கும். பாஸ்போர்ட் வராது, நோட்டு வரும். சில்லறையாகத் திருடுபவருக்கு அந்த இடைவெளி தாராளம். பணத்தைத் தனியாக ஒரு கெட்டி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டால் இந்தக் குறை தீரும். கூட வரும் பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே சொன்ன நான்கு சக்கரப் பூட்டை மாட்டுங்கள்.

இரும்புப் பெட்டி எங்கள் தேர்வு. ஒரு பாஸ்போர்ட், நோட்டுக் கட்டு, கணினியில் வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க், இரண்டாவது கைபேசி கொள்ளும் அளவு, 6 மில்லிமீட்டருக்குக் குறையாத எஃகுக் கயிறு, உட்பக்கம் மறைந்த கீல். இதில் தோற்பது எப்போதும் பெட்டி இல்லை, கட்டிய இடம். கட்டில் காலில் கட்டினால் கட்டிலைத் தூக்கி உருவலாம். துணி மாட்டும் கம்பியில் கட்டினால் கம்பி இரண்டு பக்கமும் வெறும் குழிவில் உட்கார்ந்திருக்கும், தூக்கினால் வந்துவிடும். கட்டிலின் குறுக்குச் சட்டமும் காலும் பற்றவைத்துச் சேர்கிற மூலை, சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய், கான்கிரீட்டில் பதித்த ஜன்னல் கம்பி, இவை மூன்றும் நல்ல இடங்கள். கட்டிய பிறகு நீங்களே ஐந்து நிமிடம் திருடனாக இருந்து பாருங்கள், ஓட்டை கண்ணில் பட்டுவிடும்.

எண் பலகை வைத்த பெட்டகம் பார்க்க மிடுக்காக இருக்கும். மலிவு ரகத்தில் உள்ளே தாழைப் பிடித்திருப்பது ஒரு சிறிய மின்காந்த ஊசி. பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டே பிடியைத் திருப்பினால், ஊசி ஒரு கணம் குதித்துத் தாழ் விடுபடும். எண் தெரிய வேண்டியதில்லை. சுவரிலோ பலகையிலோ போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் இது கடினம், ஆனால் வாடகை வீட்டில் யார் துளைபோட விடுவார்கள்? போல்ட் போடாமல் விட்ட துளை வழியாகக் கம்பியை விட்டு உட்பக்கத்து எண் மாற்றும் பொத்தானை அழுத்துவது இன்னொரு வழி. அந்தத் துளைகளை உட்பக்கமாகத் தகடு வைத்து மூடுங்கள். பள்ளி ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்டகம் என்றால், தொழிற்சாலையில் போட்ட பொது எண் மாற்றாமலேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு சைபர், ஆறு ஒன்பது இரண்டையும் அழுத்திப் பாருங்கள். திறந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி தீர்ந்துபோனால் திறப்பதற்கான அவசரச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் ஒரு தனி இனம். மொத்தத்தில் இதற்குக் கொடுக்கும் விலையும் தூக்கும் எடையும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

ஷேவிங் நுரை டப்பா, உப்பு டப்பா மாதிரி வேஷம் போட்ட ஒளிவுப் பெட்டிகள் பொதுச் சமையலறை உள்ள வீட்டுக்குச் சரிப்படாது. திருடாதவரே குப்பையில் போட்டுவிடுவார்.

கதவுக்கு முட்டுக்கொடுக்கும் அலாரம் ஆப்பும், உள்ளிருந்து சொருகும் தாழும் நீங்கள் அறைக்குள் தூங்கும்போது மட்டும் வேலை செய்யும். இந்தத் திருட்டு நடப்பது நீங்கள் கரும்பலகை முன்னால் நிற்கும்போது.

மடிக்கணினிப் பூட்டு வாங்குமுன், பூட்டை மாட்டுவதற்கென்று கணினியின் ஓரத்தில் உள்ள துளையை அளந்துவிடுங்கள். கென்சிங்டன் நிறுவனத்தின் பழைய ரகத் துளை 3 க்கு 7 மில்லிமீட்டர், நானோ துளை 2.5 க்கு 6. ஒன்றின் தலை இன்னொன்றில் நுழையாது, பல மெல்லிய கணினிகளில் துளையே கிடையாது. கணினியைப் பூட்டுவதைவிட கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி அதன் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வது முக்கியம். வினாத்தாளும் மாணவர் மதிப்பெண்ணும் அதில்தான் இருக்கின்றன.

திறந்தால் காட்டிக்கொடுப்பவை

இந்த விமர்சனத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கியவை இரண்டு அற்பப் பொருட்கள்.

ஒன்று, வங்கிகளும் கடைகளும் பணம் கட்டி அனுப்பப் பயன்படுத்தும் சீல் பை. வாயின் ஒட்டுப் பட்டையை ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிக்கும்போது பட்டையில் எழுத்து எழும்பிவிடும், மறுபடி ஒட்டினாலும் மறையாது. ஒவ்வொரு பையிலும் தனி வரிசை எண் அச்சிட்டிருக்கும். நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து எண்கள் தெரியப் படம் எடுங்கள். பையில் போட்டு, தொகையையும் தேதியையும் நேரத்தையும் ஒட்டுக்கோட்டின் குறுக்கே அழியாத மையில் எழுதுங்கள். பிறகு பையின் எண் தெரிய இன்னொரு படம். வரிசை எண் இல்லாத பை வாங்க வேண்டாம், அதே மாதிரி இன்னொன்று வாங்கி மாற்றி வைத்துவிடலாம். சில ஒட்டுகள் கடுங்குளிரில் உறைந்தால் தடயம் இல்லாமல் உரிந்துவிடும். ஒரு பையை இரவு முழுதும் ஃபிரீசரில் வைத்து உரித்துப் பார்த்துவிட்டுக் கட்டாக வாங்குங்கள்.

இன்னொன்று, மினுமினுப்புத் துகள் கலந்த நகப்பூச்சு. நாதாங்கித் திருகாணி, மடிக்கணினியின் அடிப்பக்கத் திருகாணி, பெட்டியின் கீல் முனை இவற்றின் மேல் ஒரு சொட்டு வைத்து உலரவிட்டு, நெருக்கத்தில் படம் எடுங்கள். துகள்கள் விழுந்த விதத்தை யாராலும் இன்னொரு முறை அப்படியே கொண்டுவர முடியாது. சந்தேகம் வந்தால் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் இரண்டாவது படம் எடுத்து, கைபேசியில் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். இடம் மாறிய துகள் கண்ணில் துள்ளும். 2013 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் கணினிப் பாதுகாப்பு ஆட்கள் இதை விளக்கிக் காட்டிய பிறகு பரவலாகப் பேசப்பட்ட முறை இது.

தொட்டால் கையில் சாயம் ஒட்டும் ‘திருடன் பிடிக்கும் பொடி’யும் விற்கிறது. வாங்காதீர்கள். துப்புரவுப் பணியாளரின் கையில் ஒட்டினால் அவர் வேலை போகும், உங்கள் கையிலேயே ஒட்டினால் சாட்சி கெடும்.

கேமராவும் டிராக்கரும்

பூட்டக்கூடிய தனியறை உங்களுடையது என்றால் மட்டும் கேமரா. ஒரே அறையில் இருவர் தங்கினால் வேண்டாம். கூடத்திலும் சமையலறையிலும் வைக்க எல்லோருடைய எழுத்துபூர்வ ஒப்புதலும் வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். தென்கொரியா மாதிரி சில நாடுகளில் நீங்கள் கலந்துகொள்ளாத பேச்சைப் பதிவு செய்வதே குற்றம்.

வாங்கும்போது தடுமாறும் இடங்கள் சில. மலிவு கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இணையும். மைக்ரோ எஸ்டி அட்டையில் மட்டும் பதிவாகும் ரகத்தில், கேமராவை எடுத்துக்கொண்டு போனால் சாட்சியும் போய்விடும். இணையச் சேமிப்புள்ள ரகத்தில், கூடத்திலிருக்கும் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினால் பதிவு நின்றுவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்தது வேண்டும். நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் நிற்காமல் பதிந்தால் 32 ஜிபி அட்டை சுமார் 2 நாள்தான் தாங்கும், அதன்பிறகு பழையதன் மேல் எழுதிவிடும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்து, அலமாரிக் கதவை மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். நேர மண்டலத்தைச் சரியாக அமைக்காமல் விட்டால், திருட்டு நடந்த நேரத்தில் நீங்களே வீட்டில் இருந்ததாகக் காணொலி சொல்லும். இரவுப் பார்வைக்கு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு என்றால் இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், 940 என்றால் தெரியாது.

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் டிராக்கரை பைக்கும் கணினி உறைக்கும் வைக்கலாம், பணத்துக்குப் பயன் இல்லை. சிஆர் 2032 பேட்டரி ஒரு வருடம்போல வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு போட்ட பேட்டரிகளில் சில இதில் வேலை செய்யாது. இதன் குறை, பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாடு. யாருடையதோ ஒரு டிராக்கர் கூடவே வருகிறது என்ற எச்சரிக்கை 2024 மே மாதத்திலிருந்து ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் வருகிறது, தனித்துவிட்ட ஏர்டேக் தானாகவே ஒலிக்கவும் செய்யும். எடுத்தவருக்குத் தெரிந்துவிடும். வரைபடத்தில் தெரியும் புள்ளி உங்கள் அறையா பக்கத்து அறையா என்று சொல்லாது. புள்ளியைக் காட்டிக்கொண்டு நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள், போலீஸிடம் கொடுங்கள்.

காப்பீடு, புகார், பள்ளி

பயணக் காப்பீட்டை விமர்சிப்பதென்றால் சிறிய எழுத்துகளைத்தான் விமர்சிக்க வேண்டும். நான்கு இடங்களில் கழுத்தை அறுக்கும். திருட்டைக் கண்டுபிடித்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும் என்பது பல பாலிசிகளில் உண்டு. கட்டாயமாகத் திறந்த தடயம் இல்லையென்றால் தரமாட்டோம் என்பது அடுத்தது. ஒரு பொருளுக்கு இவ்வளவு, ரொக்கத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு மூன்றாவது. தேய்மானக் கழிவு நான்காவது. சாவி வைத்திருப்பவர் திறந்த கதவில் எந்தத் தடயமும் இருக்காது என்பதால் இரண்டாவதுதான் நம்மைப் பாதிக்கும். கிழிந்த சீல் பையும், பூச்சு உடைந்த திருகாணியும், மூட முடியாமல் பிளந்த ஜிப்பும் இங்கேதான் பேசும். ‘சேர்ந்து வசிப்பவரால் ஏற்படும் இழப்பு’ என்ற விலக்கு பாலிசியில் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் பாலிசி உங்களுக்கு வேண்டாம். கணினியின் தொடர் எண், கைபேசியில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், வாங்கிய ரசீது மூன்றையும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள்.

புகாரில் நீங்கள் சந்தேகப்படுபவரின் பெயரை எழுதாதீர்கள். பள்ளிக்கு எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: “12-ம் தேதி காலை 7.40 மணிக்கு 0043 எண்ணுள்ள பையில் 20 தாள்கள் வைத்து ஒட்டினேன். அன்று மாலை 5.15 மணிக்குப் பார்த்தபோது ஒட்டு கிழிந்திருந்தது, 16 தாள்கள் இருந்தன. வாசல் கதவில் சேதம் இல்லை. வீட்டுச் சாவி யார் யாரிடம் உள்ளது என்ற பட்டியலைத் தெரிவிக்கவும், என் அறைக் கதவுப் பூட்டின் சிலிண்டரை (சாவி நுழையும் பகுதியை) மாற்ற அனுமதிக்கவும் வேண்டுகிறேன்.” இதில் யாரும் குற்றம் சாட்டப்படவில்லை, ஆனால் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். சாவிப் பட்டியல் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சந்தேகப்படுபவரைத் தவிர வீட்டுக்காரர், பராமரிப்பு ஆள், சாவியைத் திருப்பித் தராமல் போன பழைய ஆசிரியர் என்று மூன்று பேராவது அதில் வருவார்கள்.

சந்தேகத்தை வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது, அவர் பையைத் துழாவுவது இரண்டும் கூடாது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அவதூறுக் குற்றமாகக் கொள்ள இடமுண்டு, பொதுநலனுக்காகச் சொன்னது என்று நிறுவினால்தான் தப்பலாம். உங்கள் விசா அதே பள்ளியின் பெயரில் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். துழாவினால் அடுத்த புகார் உங்கள்மேல் வரும்.

திருட்டைக் காரணம் காட்டி, பாஸ்போர்ட்டைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் கொடுங்கள் என்று பள்ளி கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. அவர்கள் பெட்டகத்துக்கு உங்களிடம் ஏது சாவி? நகல் ஒன்றைக் கொடுத்து, அசலை உங்கள் இரும்புப் பெட்டியிலேயே வையுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது கவரில் வைத்த பழைய இழுப்பறைப் பூட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அலுவலகத்தில் கையெழுத்து வாங்குங்கள். நான்கு சக்கரப் பூட்டை அடுத்து வரும் ஆசிரியருக்குக் கொடுப்பதாக இருந்தால் எண் மாற்றும் விதத்தைக் காட்டிக்கொடுங்கள். பல பூட்டுகளில் திறந்த வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டு புதிய எண்ணை வைக்க வேண்டும். அவர் எண் வைக்கும்போது திரும்பி நின்றுகொள்ளுங்கள்.